முன்பிறேக்கும் முன்னறிவும்



மோட்டார் சைக்கிள் வாங்கச் செல்பவர் முதலில் எதைக் கேட்கிறார்? அது எத்தனை கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் என்பதையும், ஒரு லீற்றர் பெற்றோலுக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதையுமே கேட்கிறார். ஓடுகின்ற வண்டி எத்தனை மீற்றருக்குள் நிற்கும் என்று கேட்பவர் அரியர். வல்வெட்டித்துறை கடலோடிகளின் ஊர். இங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டு அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது என்பதை நேயர்களுட் பலர் அறிவர். அத்தகைய கப்பலைச் செலுத்தியோர், காற்றைப் பாயில் ஏற்கும் வித்தையோடு, வேண்டியபோது பாயைச் சுருக்கி அதனைக் கைவிடும் வித்தையையும் கற்றிருந்தனர். இரண்டாவதை அறியாதவனிடம் எந்தத் தண்டயலும் சுக்கானைக் கொடுக்கமாட்டான். தரையில் ஓடும் வண்டிக்கும் இந்த நியாயம் பொருந்தும்.

பழைய மோட்டார் சைக்கிளின் முன்பிறேக்கை மேம்படுத்துவது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள். ட்ரம் பிறேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிறேக் பூட்ட வேண்டும் என்னும் ஆவல் இளைஞரிடையே பெருகியுள்ளது. அது நல்ல ஆவலே. 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர் குடாநாட்டின் பிரதான வீதிகள் பல காபெற் வீதிகளாகிவிட்டன. குழிகளே வேகத்தைக் கட்டுப்படுத்திய காலம் போய்விட்டது. வல்லை வெளியின் நேர்வீதியிலே கை தானாக முறுக்கைத் திருகுகிறது. ஆனால் ஒழுங்கைகளிலிருந்து திடீரென வெளிப்படும் ஆடும் மாடும் சைக்கிளும் முன்போலவே இருக்கின்றன. ஆகவே நிறுத்தும் ஆற்றலைப் பற்றி எண்ணுவது வீண் ஆடம்பரமன்று.

முதலில், முன்பிறேக்குக்கு இத்துணை முக்கியத்துவம் ஏன் என்பதைக் காண்போம்.

ஓடும் பேருந்து சடுதியாக நிற்கும்போது உள்ளே நிற்பவர் முன்னே சாய்கிறார். மோட்டார் சைக்கிளிலும் பாரம் அவ்வாறே முன்னோக்கிச் சாய்கிறது. வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்து 200 கிலோகிராம் என்றும், ஓய்வில் இரு சில்லுகளும் தலா 100 கிலோகிராமைத் தாங்குகின்றன என்றும் கொள்வோம். சில்லுகளுக்கு இடையேயுள்ள தூரம் 1.3 மீற்றர், பாரத்தின் மையம் தரையிலிருந்து 0.6 மீற்றர் உயரத்தில் உள்ளது. நன்கு பிறேக் பிடிக்கும்போது முன்சில்லின் மீதுள்ள பாரம் ஏறத்தாழ 165 கிலோகிராமாக உயரும். பின்சில்லுக்கு எஞ்சுவது 35 கிலோகிராமே. பாரமில்லாத சில்லு வீதியைப் பற்றிப் பிடிக்காது. அதனால் பின்பிறேக்கை எவ்வளவு பலமாக மிதித்தாலும் பின்சில்லு இறுகி வழுக்குமேயன்றி, வண்டி விரைவில் நில்லாது.

இதனைத் தூரமாகக் கணக்கிட்டுப் பார்ப்போம். உலர்ந்த தார்வீதியில் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டி, பின்பிறேக்கை மட்டும் பிடித்தால் நிற்பதற்கு ஏறத்தாழ 48 மீற்றர் வேண்டும். முன்பிறேக்கை மட்டும் திறமையாகப் பிடித்தால் 22 மீற்றர் போதும். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் அது 20 மீற்றர் அளவுக்குக் குறையும். இவற்றோடு, ஆபத்தைக் கண்டு கை செயற்படுவதற்கு முன்னர் கழியும் ஒரு விநாடியையும் சேர்க்க வேண்டும். அந்த ஒரு விநாடியில் வண்டி சுமார் 17 மீற்றர் ஓடிவிடும். வண்டியும் வீதியும் வேறுபட இவ்வெண்களும் வேறுபடும்.  நாற்பது மீற்றருக்கு அப்பால் ஒரு குழந்தை வீதியைக் கடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பிறேக்கைப் பயன்படுத்துபவர் அக்குழந்தைக்கு முன்னே நின்றுவிடுவார். பின்பிறேக்கை மட்டும் நம்பியவர் அவ்விடத்தைக் கடந்துபோயிருப்பார்.

இருந்தும் நம்மிடையே வழங்கும் உபதேசம் யாது? “தம்பி, முன்பிறேக்கைப் பிடியாதை, குப்புறப் போவாய்” என்று மகனுக்குப் புத்திசொல்லும் தந்தையர் இன்றும் பலர். இவ்வுபதேசம் முற்றிலும் காரணமின்றித் தோன்றியதன்று. மணல் ஒழுங்கைகளிலும் கிரவல் வீதிகளிலும் ஓடிய காலத்தில் முன்சில்லு இறுகினால் வண்டி அக்கணமே சரிந்துவிடும். அந்த அனுபவமே பழமொழிபோல நிலைத்துவிட்டது. மணலுக்குப் பொருந்திய அறிவுரை தார்வீதிக்குப் பொருந்தாது. முன்பிறேக்கைத் தொடாமற் பழகிய கை, ஆபத்து வரும்போதும் அதனைத் தேடமாட்டாது. தேடினாலும் அச்சத்தில் ஒரேயடியாக இறுக்கிப் பிடிக்கும். அப்பொழுது தந்தை அஞ்சியதே நிகழும்.

இனி, ட்ரம் பிறேக் செயற்படும் முறையை நோக்குவோம். சில்லின் நடுவேயுள்ள வட்டப் பேழையே ட்ரம். அதனுள் பிறை வடிவான இரண்டு பிறேக் சூக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு முனையில் ஆணியிற் பொருந்தியுள்ளது. மறுமுனையை ஒரு காம் தள்ளும்போது, சூவின் மீதுள்ள லைனிங் ட்ரம்மின் உட்சுவரில் உராய்கிறது. ஒரு கோலை முன்னே சாய்த்துத் தரையில் ஊன்றியபடி நடந்தால், அது மண்ணிற் குத்தி மேலும் இறுகும். பின்னே இழுத்துக்கொண்டு நடந்தால் வழுக்கி வரும். சூக்களும் இவ்வாறே. சுழற்சியே ஒரு சூவை மேலும் உள்ளிழுத்து இறுக்குகிறது, மற்றதைத் தள்ளிவிடுகிறது. சாதாரண ட்ரம் பிறேக்கில் இவ்விரண்டும் ஒவ்வொன்று இருக்கும். முந்திய காலப் பொறியியலாளர் இரண்டு காம்களை வைத்து, அவற்றை ஒரு தண்டினால் இணைத்து, இரு சூக்களையும் இறுகும் வகையினவாக அமைத்தனர். அதுவே இரட்டை முன்னணிச் சூப் பிறேக்.

சென்னையில் 1955ஆம் ஆண்டு முதல் உருவான என்பீல்ட் புல்லட் மோட்டார் சைக்கிளின் வரலாறு, முன்பிறேக்கை மேம்படுத்திய கதைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். 350 சி.சி. புல்லட்டில் நெடுங்காலமாக இருந்தது 6 அங்குல விட்டமுடைய சாதாரண ட்ரம். பின்னர் 500 சி.சி. வண்டிக்கு 7 அங்குல விட்டமுடைய இரட்டை முன்னணிச் சூப் பிறேக் வந்தது. 350 வைத்திருந்தோர் பலர் அந்தப் பெரிய பிறேக்கை வாங்கித் தம் வண்டியிற் பூட்டலாயினர். விட்டம் 6 அங்குலத்திலிருந்து 7 அங்குலமாவதால் மட்டுமே, அதே விசைக்கு நிறுத்தும் திருப்பம் ஆறில் ஒரு பங்கு கூடுகிறது; இரு சூக்களும் இறுகுவதால் வரும் நன்மை அதற்கு மேலானது. ஆயினும் பூட்டியவுடன் ஏமாற்றமடைந்தோரும் உண்டு. காம்களை இணைக்கும் தண்டின் நீளத்தைச் சரிசெய்து, இரு சூக்களும் ஒரே வேளையில் ட்ரம்மைத் தொடுமாறு அமைக்காவிடின், ஒரு சூவே வேலை செய்யும். மற்றது சும்மா இருக்கும். பொருளை வாங்குவது பாதி வேலை. அதனை ஒழுங்குபடுத்துவதே மறுபாதி என்பதற்கு இது சான்று.

டிஸ்க் பிறேக்கின் கருத்து புதியதன்று. இங்கிலாந்தின் பிரெடெரிக் லான்செஸ்ரர் 1902ஆம் ஆண்டிலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். 1953ஆம் ஆண்டு பிரான்சின் லு மான் நகரில் நடந்த 24 மணிநேர ஓட்டப் போட்டியில், டிஸ்க் பிறேக் பூட்டிய ஜகுவார் கார் வென்றபின் அதன் பெருமை பரவியது. 1962ஆம் ஆண்டு லம்பிரெட்டா ஸ்கூட்டர் ஒன்றின் முன்சில்லில் கேபிளால் இயங்கும் டிஸ்க் பிறேக் இடம்பெற்றது. 1969ஆம் ஆண்டு வெளிவந்த ஹொண்டா சி.பி. 750, பெருந்தொகையாக உற்பத்தியான மோட்டார் சைக்கிள்களுக்குத் திரவ அமுக்கத்தால் இயங்கும் முன் டிஸ்க் பிறேக்கை வழங்கியது. அதன் பின்னரே இது உலகெங்கும் வழக்காயிற்று.

இதன் சிறப்பு யாது? பிறேக் பிடித்தல் என்பது ஓட்டத்தின் சக்தியை வெப்பமாக மாற்றுதலாகும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் நமது 200 கிலோகிராம் வண்டியை ஒருமுறை நிறுத்தும்போது பிறக்கும் வெப்பம், ஏறத்தாழ 95 மில்லிலீற்றர் நீரைச் சாதாரண வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. மூடிய ட்ரம்மினுள் அவ்வெப்பம் அடைபட்டுக் கிடக்கும். அடிக்கடி பிடித்தால் பிறேக் தளரும். மாரிகாலத்தில் நீர் உட்புகுந்தாலும் எளிதில் உலராது. டிஸ்க்கோ வெளியே காற்றில் சுழல்கிறது. வெப்பத்தையும் நீரையும் விரைவில் உதறிவிடுகிறது. மேலும், கையின் அழுத்தத்திற்கு ஏற்ப அளந்து செயற்படுவதால் ஓட்டுநர்க்கு நுண்ணிய கட்டுப்பாடு கிடைக்கிறது.

எனினும், உடனே கராச்சுக்குப் புறப்பட வேண்டாம். இருக்கும் பிறேக் அதன் முழு ஆற்றலோடு செயற்படுகிறதா என்று முதலிற் பாருங்கள். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று கேபிளைத் துருப்பிடிக்கச் செய்கிறது. கையின் பலத்திற் பெரும்பகுதி அந்தத் துருவோடு போராடியே வீணாகிறது. புதிய கேபிள் ஒன்றின் விலை அற்பம். காம் தண்டு காய்ந்திருந்தால் சிறிதளவு கிறீஸ் இடவேண்டும். அது லைனிங்கிற் படாமல் இருத்தல் அவசியம். பிறேக்கை முழுவதும் பிடித்த நிலையில், காம் தண்டின் கைக்கும் கேபிளுக்கும் இடையேயுள்ள கோணம் 90 பாகையை ஒட்டியிருந்தால்தான் நெம்புதலின் முழுப்பயன் கிட்டும். லைனிங் கண்ணாடிபோல் மினுங்கினால், அல்லது எண்ணெய் ஊறியிருந்தால், மாற்றிவிடுக. ட்ரம்மைத் திறந்ததும் அதிலுள்ள தூசை வாயால் ஊதுவதும் காற்றுப் பம்பினால் அடிப்பதும் நம்மிடையே வழக்கம். பழைய லைனிங்குகளில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் கலந்திருக்கலாம். ஆதலால் ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே தக்கது.

ரயரையும் மறத்தல் ஆகாது. வண்டியை நிறுத்துவது, ஈற்றில், பிறேக் அன்று. வீதியைப் பற்றும் ரயரே. தேய்ந்த, அல்லது ஆண்டுக்கணக்கில் வெயிலிற் காய்ந்து இறுகிய ரயரை வைத்துக்கொண்டு பெரிய டிஸ்க்கைப் பூட்டினால், சில்லு விரைவில் இறுகி வழுக்குவதே மிச்சம். நல்ல ரயரும் நன்கு ஒழுங்குசெய்த ட்ரம்மும் உள்ள சிறிய வண்டியின் உரிமையாளர் பலர்க்கு, அதற்குமேல் எதுவும் வேண்டியதில்லை.

இவையெல்லாம் செய்தபின்னும் மாற்ற வேண்டும் என்று எண்ணுவோர் கவனிக்க வேண்டியவை சில உள. பஜாஜ் டிஸ்கவர், ஹீரோ கிளாமர் முதலிய வண்டிகள் ட்ரம், டிஸ்க் ஆகிய இருவகையிலும் விற்பனைக்கு வந்தவை. அத்தகைய வண்டி உங்களிடம் இருந்தால், அதே வகையின் டிஸ்க் வண்டிக்குத் தொழிற்சாலை செய்த உறுப்புகளையே முழுத்தொகுதியாக வாங்குக. டிஸ்க், கலிப்பர், மாஸ்ரர் சிலிண்டர், குழாய் ஆகியன மட்டும் போதா. சில்லின் நடுக்குடமும், கலிப்பரைத் தாங்கும் இடம் வார்க்கப்பட்ட முன்கவைக் காலும் வேண்டும். இவ்விடத்தைக் கராச்சில் ஓர் இரும்புத் துண்டை ஒட்டி உண்டாக்குவது பேராபத்து. பிறேக் பிடிக்கும் கணத்தில் முழு விசையும் அந்த ஒட்டின் மீதே விழும். அது முறிந்தால் கலிப்பர் சில்லோடு சுழன்று, சில்லையே இறுக்கிவிடும்.

நமது கைவினைஞரின் திறமையை நான் குறைத்துக் கூறவில்லை. 1990க்குப் பின் பெற்றோல் கிடையாத ஆண்டுகளில், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள்களை ஓடவைத்தவர் அவர்கள். ஆனால் ஒரு வேறுபாட்டை உணரவேண்டும். இயந்திரத்திற் செய்த தற்காலிக ஏற்பாடு தோற்றால் வண்டி நின்றுவிடும். பிறேக்கிற் செய்த தற்காலிக ஏற்பாடு தோற்றால் வண்டி நில்லாது.

உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்துதலும் வேண்டும். பாடசாலையிற் கற்ற பஸ்காலின் தத்துவத்தை நினைவுகூர்க. மாஸ்ரர் சிலிண்டரின் முசலம் 12 மில்லிமீற்றர் விட்டமும், கலிப்பரின் முசலம் 30 மில்லிமீற்றர் விட்டமும் உடையன என்றால், விசை ஆறேகால் மடங்காகப் பெருகும். பெரியது பலமானது என்று கருதி 15 மில்லிமீற்றர் மாஸ்ரர் சிலிண்டரைப் பூட்டினால், அது நான்கு மடங்காகக் குறைந்துவிடும். லீவர் கல்லுப்போல் உறுதியாக இருக்கும். பிறேக் நன்றாக இருக்கிறது என்று அதைப் பூட்டியவர் மகிழ்வார். வண்டியோ முன்னிலும் தாமதித்தே நிற்கும். மிகச் சிறியதைப் பூட்டினாலும் தீங்குண்டு. லீவர் கைப்பிடிவரை வந்து முட்டும். ஆகையால் கலிப்பருக்கென அமைந்த மாஸ்ரர் சிலிண்டரையே சேர்த்து வாங்குதல் வேண்டும். ரப்பர்க் குழாய் பழுதாகி அமுக்கத்தில் விரிந்தால், உருக்கு இழை பின்னிய குழாயை இடலாம். கைபிடியை இருபுறமும் முழுவதும் திருப்பியும், முன்கவையை முழுவதும் நீளவிட்டும், குழாய் இழுபடாதிருப்பதைப் பார்க்க வேண்டும். வேகமானி முன்சில்லிலிருந்து இயங்கும் வண்டியாயின், புதிய குடத்திலும் அதற்கு இடமுண்டா என்று முன்கூட்டியே அறிக. விபத்துக்குள்ளான வண்டியிலிருந்து கழற்றிய டிஸ்க்கையும் முன்கவையையும் மலிவென்று வாங்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத வளைவு அவற்றில் இருக்கலாம்.

பிறேக் ஒயில் பற்றியும் ஒரு வார்த்தை. நம் வண்டிகளுக்குரிய டொட் 3, டொட் 4 வகை ஒயில்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பின. புதிய டொட் 4 ஒயிலின் கொதிநிலை 230 பாகை செல்சியசுக்குக் குறையாது. ஈரம் ஊறியபின் 155 பாகை வரை இறங்கலாம். கொதித்தால் ஆவிக் குமிழி தோன்றும். குமிழி அமுங்குமேயன்றி, அமுக்கத்தைக் கடத்தாது, லீவர் வெறுமையாகும். ஆகவே ஈராண்டுக்கு ஒருமுறை ஒயிலை மாற்றுக. முன்பே திறந்து வைத்த போத்தலில் எஞ்சியதை இடவேண்டாம். என்ஜின் ஒயிலை ஒருபோதும் ஊற்றலாகாது. அது உள்ளேயுள்ள ரப்பர் அடைப்புகளை வீங்கச் செய்து கெடுத்துவிடும். புதிய பிறேக் பாட் பூட்டியபின், வெறுமையான இடத்திற் பல தடவை மெதுவாகப் பிடித்து, அதனை டிஸ்க்கோடு பொருந்தப் பழக்க வேண்டும்.

இத்தனையும் செய்து முடித்தபின் எஞ்சுவது ஓட்டுநரின் கை. ஆற்றல் மிகுந்த பிறேக்கைப் பழகாத கையிற் கொடுப்பது, கூரிய கத்தியைக் குழந்தையிடம் கொடுப்பதற்கு ஒப்பாகும். போக்குவரத்து இல்லாத, மணல் இல்லாத, உலர்ந்த தார்த்தரை ஒன்றைத் தேர்ந்துகொள்க. வண்டியை நிமிர்த்தி, கைபிடியை நேராக வைத்து, மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் தொடங்குக. லீவரைச் சடுதியாகப் பற்றாமல், தேசிக்காயைப் பிழிவதுபோல மெல்லத் தொடங்கி, பாரம் முன்னே சாய்வதை உணர்ந்தபின் அழுத்தத்தை ஏற்றுக. சில்லு இறுகி வழுக்குவதாகத் தோன்றினால் உடனே விட்டு, மீண்டும் மெல்லப் பிடிக்க. வளைவினுள்ளும், கரையோர வீதியில் மணல் படிந்த இடங்களிலும், முதல் மழை நனைத்த வீதியிலும் மிக மென்மையாகப் பிடித்தல் வேண்டும். அங்கே உண்மையான பிறேக், முன்கூட்டியே வேகத்தைக் குறைத்தலே.

புதிய வண்டி வாங்கும் வசதியுள்ளோர், சில்லு இறுகாமற் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்புடையதைத் தெரிவுசெய்தல் நன்று. இந்தியாவில் 2019ஆம் ஆண்டு ஏப்ரில் முதலாம் திகதி முதல், 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய மோட்டார் சைக்கிள்களுக்கு அது கட்டாயமாக்கப்பட்டது. பழைய வண்டிக்கு அதனைப் பின்னர் பூட்டுவது நடைமுறைக்கு ஒவ்வாது.

பெற்றோருக்கு ஒன்று கூற விரும்புகிறேன். மாலை வேளைகளில் தனியார் வகுப்பு முடிந்து மாணவர் வரிசையாக மோட்டார் சைக்கிள்களிற் செல்வதை நாள்தோறும் காண்கிறேன். பரீட்சையிற் சித்தியடைந்த மகனுக்கு வண்டி பரிசளிக்கும் தந்தை, அதன் வர்ணத்தையும் வலுவையும் ஆராய்வதோடு, முன்சில்லையும் ஒருமுறை குனிந்து பார்க்கட்டும். ஆண்டுதோறும் நாம் செய்விக்கும் புகைப் பரிசோதனை, புகையின் நிலையைச் சொல்லும். பிறேக்கின் நிலையை நம் கண்ணும் கையுமே சொல்ல வேண்டும். முன்பிறேக்கைத் தொடாதே என்று மகனைத் தடுப்பதற்குப் பதிலாக, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அவனைத் திடலுக்கு அழைத்துச்சென்று, அதனைப் பிடிக்கும் முறையை அருகில் நின்று பழக்குவாராயின், எந்தக் கடையிலும் விலைக்குக் கிடையாத பாதுகாப்பை அவனுக்கு வழங்கியவராவார்.